வீட்டில் கோரெங்கான்: இந்தோனேசியத் தள்ளுவண்டிப் பலகாரங்களைப் பொரிப்பது எப்படி

பஜ்ஜி போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில்தான் சறுக்கும். நானும் சறுக்கியிருக்கிறேன், பழக்கதோஷத்தில் கை நேராகக் கடலை மாவு டப்பாவுக்குப் போய்விடும். இந்தோனேசியாவின் பொரித்த பலகாரங்களில் கடலை மாவுக்கு வேலையே இல்லை. மைதாவும் அரிசி மாவும்தான் அடிப்படை, சிலவற்றுக்கு மரவள்ளி ஸ்டார்ச், அதாவது ஜவ்வரிசி செய்கிற அதே வெள்ளை மாவு.

அங்கே கோரெங் என்றால் பொரிப்பது, கோரெங்கான் என்றால் பொரித்தது. ஜகார்த்தா, பண்டுங், சுரபாயா என்று எந்த ஊருக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு தள்ளுவண்டி நிற்கும், பக்கத்திலேயே பெரிய வாணலி கொதித்துக்கொண்டிருக்கும், பெட்டிக்குள் காய்கறி, டெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி), டோஃபு, வாழைப்பழம், மரவள்ளிக்கிழங்கு என்று எல்லாமே பொன்னிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாவில் முக்கிய மாதிரி தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு ஒரே கிண்ணத்தில் மாவைக் கரைத்து எல்லாவற்றையும் அதிலேயே தோய்த்தால் ஒன்றுகூட உருப்படியாக வராது. காய்கறியில் செய்கிற பக்வான் மொறுமொறு என்று இருக்க வேண்டும். டெம்பேயில் செய்கிற மெண்டோவான் துவண்டு தொங்க வேண்டும். ஸ்டார்ச்சில் செய்கிற சிரெங் வெளியே முறுக்கு, உள்ளே இழுவை. மாவின் தண்ணீர் அளவும் எண்ணெயின் சூடும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எது எப்படி முடிய வேண்டும் என்று தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள், அது தெரியாவிட்டால் சரியாக வந்ததைக்கூடக் கெட்டுப்போனதாக நினைத்துத் திரும்ப எண்ணெயில் போடுவீர்கள். (மெண்டோவானை நான் அப்படித்தான் கெடுத்தேன், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

மசாலா பெரும்பாலும் ஒன்றுதான்: பூண்டு, மல்லி விதை, வெள்ளை மிளகு, உப்பு. இதோடு கென்சூர் என்கிற சிறு கிழங்கு. நம் சித்த மருந்துக்காரர்கள் கச்சோலம் என்பார்களே, அதே குடும்பத்து வாசனை, இஞ்சிக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் இருக்கும். ஒரு நெல்லிக்காய் அளவில் பாதி போதும், கூடினால் மருந்து வாடை வந்துவிடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்குப் பதில் இஞ்சி போட்டால் வேறு பலகாரமாகிவிடும். மிளகாய்த்தூள் மாவில் போவதில்லை. காரம் தனியாக வரும்.

பக்வான்

இதில்தான் கை பழக வேண்டும், அதனால் இதை முதலில் செய்யுங்கள். காய்கறிப் பக்கோடா என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கோடாவைவிடத் தட்டை, ஓரம் கண்ணாடி மாதிரி மெல்லிசு. பெயர் ஹொக்கியன் சீன மொழியிலிருந்து வந்தது, பக் என்றால் இறைச்சி, வான் என்றால் உருண்டை. இறைச்சியும் இல்லை, உருண்டையும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேற்கு ஜாவாவின் சுண்டானியர்கள் இதைப் பாலா-பாலா என்பார்கள், சுரபாயாவில் ஓட்டே-ஓட்டே. கிழக்கு ஜாவாவின் மாலாங்கில் போய் பக்வான் கேட்டால் இறைச்சி உருண்டை மிதக்கிற சூப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள், அங்கே இந்தக் காய்கறிப் பலகாரத்துக்கு வெச்சி என்று வேறு பெயர்.

மைதா 200 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம். முட்டைக்கோஸ் 150 கிராம் நூல் மாதிரி நறுக்கியது, ஒரு நடுத்தர கேரட் தீக்குச்சி கனத்தில், பச்சைப்பயறு முளை ஒரு கை நிறைய, வெங்காயத்தாள் இரண்டு, கிடைத்தால் கொஞ்சம் செலரி இலை. அரைக்க: பூண்டு 4 பல், சின்ன வெங்காயம் 4, மல்லி விதை ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. தண்ணீர் சுமார் 275 மில்லி, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீர்.

குளிர்ந்த தண்ணீர் ஏன் என்றால், மைதாவில் பசைத்தன்மை உருவாவதை அது மெதுவாக்கும். பசை கூடினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதே காரணத்துக்காக மாவை அடித்துக் கலக்கக் கூடாது, கரண்டியால் பத்துப் பதினைந்து முறை சுற்றினால் போதும், நாலு கட்டி நின்றால் நிற்கட்டும். அரிசி மாவில் அந்தப் பசையே கிடையாது, மொறுமொறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. மொறுமொறுப்பு பிடிக்கும் என்று பாதிக்குப் பாதி அரிசி மாவு போட்டுப் பார்த்தேன், ஆறியதும் கல். நாலுக்கு ஒன்று என்பதே சரியான அளவு.

முக்கியமான விஷயம், மசாலாவும் உப்பும் மாவில் கரையட்டும், காய்கறியை எண்ணெய் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்து வைத்தால் உப்பு கோஸிலிருந்து தண்ணீரை இழுத்து விடும், கால் மணி நேரத்தில் மாவு மோராகிவிடும், அப்புறம் அதைச் சரிக்கட்ட மைதாவைக் கொட்டுவீர்கள், கடைசியில் காய்கறி அடை. இரண்டு தடவை பொரிக்கிற அளவு இருந்தால் காய்கறியையும் இரண்டு தடவையாகப் பிரித்துச் சேருங்கள். முளையையும் கோஸையும் கழுவியதும் துணியில் உதறி எடுக்கவும்.

எண்ணெய் நாலைந்து சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 170 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள்: அடியில் போய் உட்கார்ந்து ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் மேலே வந்தால் சரி, அடிக்கே போகாமல் மேலேயே சீறினால் சூடு அதிகம். கரண்டியால் எடுத்து எண்ணெய்க்கு மிக அருகில் வைத்துச் சரித்து விடுங்கள், விழுந்ததும் கரண்டியின் முதுகால் நடுவை லேசாக அமுக்கினால் ஓரம் பரவி அந்த ஜரிகை மாதிரி விளிம்பு வரும். நடுவில் கனமாக விட்டுவிட்டால் உள்ளே வேகாது. ஒரு பக்கம் கெட்டிப்படும்வரை தொடாதீர்கள். மொத்தம் ஐந்து ஆறு நிமிடம், ஒரே தடவை திருப்பினால் போதும். இந்த அளவுக்குப் பதினெட்டு, இருபது வரும்.

சுரபாயாப் பாணி வேண்டுமென்றால் குழிக்கரண்டியை எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, அதிலேயே மாவை ஊற்றி, மேலே தோலுடன் ஒரு இறாலை அழுத்தி, கரண்டியோடு எண்ணெயில் முக்கிப் பிடிக்க வேண்டும். அரை நிமிடத்தில் தானே கழன்று கிண்ணம் மாதிரி மிதக்கும். கரண்டி சூடாக இல்லையென்றால் கழலாது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மெண்டோவான்

மத்திய ஜாவாவின் பன்யுமாஸ், புர்வோகெர்த்தோ பக்கத்துப் பலகாரம். அந்த வட்டாரப் பேச்சில் மெண்டோ என்றால் அரைவேக்காடு. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் எனக்கு அது தெரியாமல் முதல் தடவை "இன்னும் சிவக்கவில்லையே" என்று ஏழெட்டு நிமிடம் விட்டுப் பப்படம் ஆக்கிவிட்டேன். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, மெண்டோவானாக இல்லை. கையில் எடுத்தால் ஈரத்துணி மாதிரி மடிய வேண்டும். வெளிறிய மஞ்சள் நிறம், பச்சைப் பச்சையாக வெங்காயத்தாள், உள்ளே சூடான டெம்பே.

டெம்பே என்பது வேகவைத்து உமி நீக்கிய சோயாவை ஒருவகைப் பூஞ்சணத்தால் நொதிக்க வைத்த கட்டி. ரைசோபஸ் என்று பெயர். முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒன்றரை நாளில் வெள்ளைப் பூஞ்சணம் பருப்புகளை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துவிடும். வெள்ளையாக இருப்பது கெட்டதல்ல, அதுதான் டெம்பே. ஓரத்தில் சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி கொஞ்சம் இருந்தால்கூடப் பரவாயில்லை, பூஞ்சணம் முற்றியதன் அடையாளம் அது. பச்சை, இளஞ்சிவப்பு நிறமோ கொழகொழப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள். பன்யுமாஸில் இதற்கென்றே மெல்லிய தகடாக வாழை இலையில் மடித்து டெம்பே போடுகிறார்கள். நம் கையில் இருப்பது கட்டியாக இருந்தால் கூர்மையான கத்தியால் 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் அகலவாக்கில் சீவுங்கள். கனமாகச் சீவினால் இந்தக் குறைந்த நேரத்தில் உள்ளே சூடே ஏறாது.

மாவு: மைதா 150 கிராம், அரிசி மாவு 50 கிராம், தண்ணீர் 300 மில்லி. பக்வான் மாவைவிட நீர்க்க, தோசை மாவைவிடவும் கொஞ்சம் இளக்கம். பூண்டு மூன்று பல், மல்லி விதை ஒரு தேக்கரண்டி, கென்சூர் சின்னத் துண்டு, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. கெமிரி என்ற எண்ணெய்க்கொட்டை கிடைத்தால் வறுத்து இரண்டு அரைத்துச் சேருங்கள், அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வெங்காயத்தாள் நாலு தண்டு, பொடியாக. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எண்ணெய் பக்வானுக்கு இருந்ததைவிடச் சூடாக இருக்கட்டும், 180 டிகிரி. டெம்பேத் தகட்டை மாவில் முழுக்கி, கூடவே கொஞ்சம் மாவு வழிய அப்படியே விடுங்கள். டெம்பேயைத் தாண்டி ஓரத்தில் மாவு பாவாடை மாதிரி விரியும், அது வேண்டியதுதான். ஒரு நிமிடம், திருப்பி இன்னொரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. மாவின் பச்சை வாடை போனதா என்பது மட்டும்தான் கணக்கு. எடுத்து வடித்து உடனே தின்ன வேண்டும், பத்து நிமிடம் கழித்து இது வேறு பொருள்.

தொட்டுக்கொள்ள இதற்கு சம்பால் கெச்சாப் (சம்பால் என்றால் காரச் சட்னி). கெச்சாப் மானிஸ் என்கிற இனிப்பு சோயா சாஸ் நாலு மேசைக்கரண்டி, ஊசிமிளகாய் ஆறேழு வட்டமாக நறுக்கியது, சின்ன வெங்காயம் இரண்டு, அவ்வளவுதான். கெச்சாப் மானிஸ் இல்லையா, சாதா சோயா சாஸும் தூளாக்கிய பனை வெல்லமும் சம அளவு எடுத்து, ஒரு அன்னாசிப்பூ போட்டு, சிறு தீயில் தேன் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்கவும்.

சிரெங், வெடிக்கிற ஆள்

அச்சி டிகோரெங், அதாவது பொரித்த ஸ்டார்ச், அதைச் சுருக்கி சிரெங் ஆக்கிவிட்டார்கள். பண்டுங் பக்கத்துச் சுண்டானியர்களுக்கு இந்தச் சுருக்கல் விளையாட்டு ரொம்பப் பிடிக்கும் போல. உள்ளே ஒன்சோம் என்கிற புளிக்க வைத்த பிண்ணாக்கு வைத்தது (ஒன்சோம் டி ஜெரோ) சோம்ப்ரோ, உள்ளே இனிப்பு வைத்தது (அமிஸ் டி ஜெரோ) மிஸ்ரோ, முளையும் தாஹுவும் (டோஃபு) சேர்ந்தால் கெஹு.

மரவள்ளி ஸ்டார்ச் 250 கிராம். அதில் 50 கிராமை 200 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நசுக்கிய பூண்டு மூன்று பல், உப்பு, வெள்ளை மிளகு போட்டு அடுப்பில் கிளறினால் சட்டென்று பசையாகத் திரண்டு கண்ணாடி மாதிரி ஆகும். இறக்கி, சூட்டோடு மீதி ஸ்டார்ச்சில் கொட்டி, வெங்காயத்தாள் சேர்த்து, விரல் நுனியால் பிசறுங்கள். பிசைவதல்ல, பிசறுவது. அங்கங்கே உலர்ந்த மாவு வெள்ளையாகத் தெரிய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி மழமழப்பாகப் பிசைந்தீர்களானால் இரண்டு கெடுதல்: கடிக்க முடியாத ரப்பர், அதோடு எண்ணெயில் வெடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட நீராவிக்கு வெளியே வர வழியில்லாமல் போவதால் வரும் வினை இது. என் முழங்கையில் இருக்கும் சிறிய தழும்பு அப்படி வந்தது. கரடுமுரடாக, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, உலர்ந்த ஸ்டார்ச்சில் புரட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டு, தீயை மெல்ல ஏற்றுங்கள். இது சிவக்காது, வெள்ளையாகவே இருக்கும், மேலே தட்டினால் ஓட்டுச் சத்தம் வந்தால் எடுத்துவிடலாம். பனை வெல்லம், புளி, ஊசிமிளகாய், உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இடித்த ருஜாக் சம்பால்தான் இதற்குச் சரியான ஜோடி.

சோம்ப்ரோவும் மிஸ்ரோவும் மரவள்ளிக்கிழங்குத் துருவலில் செய்வது. கிழங்கின் வெளித்தோலோடு உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் உரித்துவிட வேண்டும், துருவியதைப் பிழிந்து தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், நன்றாக வேக வேண்டும், இந்த மூன்றிலும் சமரசம் கிடையாது. துருவலில் உப்பும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் கலந்து, நடுவில் பனை வெல்லத் துண்டு வைத்து மூடினால் மிஸ்ரோ. சூடாகக் கடித்தால் வெல்லப்பாகு மோவாயில் ஒழுகும், நாக்கும் சுடும், ஐந்து நிமிடம் பொறுங்கள். சோம்ப்ரோவுக்கு வேண்டிய ஒன்சோம், கடலைப் பிண்ணாக்கு மாதிரியானவற்றைப் புளிக்க வைத்துச் செய்வது, மேற்கு ஜாவாவை விட்டு வெளியே கிடைப்பது கஷ்டம். டெம்பேயை உதிர்த்து மிளகாய், பூண்டு, கென்சூரோடு வதக்கி வைத்தால் ஏமாற்றுவேலைதான், ஆனால் நல்ல ஏமாற்றுவேலை.

தாஹு இசி, டோஃபுவுக்குள் காய்கறி அடைத்தது, பக்வான் தெரிந்தால் தானாக வந்துவிடும். கெட்டி டோஃபுவை முக்கோணமாகவோ சதுரமாகவோ வெட்டி முதலில் தனியாகப் பொரித்துத் தோல் பிடிக்க விடுங்கள், பக்கவாட்டில் கீறி உள்சதையைக் கொஞ்சம் தோண்டி, பூண்டோடு வதக்கிய முளை, கேரட், கோஸை அடைத்து, பக்வான் மாவில் தோய்த்துப் பொரிக்கவும். அடைக்கிற காய்கறி வதங்கி ஆறி ஈரமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சீறும்.

பிசாங் கோரெங்குக்கு அங்கே பெரும்பாலும் கெப்போக் என்கிற சதைப்பற்றான பட்டை வாழை. கொம்பு மாதிரி நீண்ட தாண்டுக், ராஜா வகைகளும் உண்டு. தாண்டுக் என்றாலே கொம்பு, நம் நேந்திரனுக்குச் சொந்தக்காரன். மேஜையில் வைத்துத் தின்கிற மென்மையான பழம் எண்ணெயில் கரைந்துபோகும். பழுத்தும் உறுதியாக இருக்க வேண்டும். சுலவேசித் தீவின் மெனாடோவில் இன்னும் ஒரு படி மேலே போய் கோரோஹோ என்ற வாழையைக் காயாகவே மெல்லிசாகச் சீவிப் பொரித்து, புகையூட்டிய மீன் போட்ட காரச் சம்பாலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். வாழைப்பழத்துக்கு மீன் சம்பாலா என்று முகம் சுளிக்காதீர்கள், பழமே இல்லை, காய்தான். பழத்துக்கான மாவில் அரிசி மாவைத் தாராளமாக, மைதாவுக்குச் சமமாகப் போடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிநீரில் ஒரு தேக்கரண்டி விடுவது அங்கே பழைய வழக்கம், மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்கும். சர்க்கரையை மாவில் போடாதீர்கள், பழம் வேகுமுன் மேலே கறுத்துவிடும்.

எண்ணெயும் மிளகாயும்

அங்கே பாமாயில். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கிற நாடு, அப்படியிருந்தும் 2022 தொடக்கத்தில் சமையல் எண்ணெய் விலை ஏறி, தட்டுப்பாடு வந்து, மக்கள் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 28 அன்று அரசு பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது, மே 23 அன்றுதான் திரும்பத் திறந்தது. இந்தக் களேபரத்தின் நடுவில் முன்னாள் அதிபர் மேகவதி, தாய்மார்கள் எப்போதும் பொரிக்கத்தான் வேண்டுமா, அவிக்கவோ வேகவைக்கவோ கூடாதா என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கோரெங்கான் தின்கிற ஊரில் கேட்கிற கேள்வியா அது?

வீட்டில் எந்த வாசனையற்ற எண்ணெயும் சரி. ஒரே நேரத்தில் வாணலியின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சூடு இறங்கினால் மாவு எண்ணெயைக் குடிக்க ஆரம்பிக்கும். எடுத்ததைத் தாளில் குவிக்காமல் கம்பி வலையிலோ ஓட்டை வடிதட்டிலோ பரப்புங்கள், ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அடியில் இருப்பது ஆவியில் நமத்துவிடும். மூடி போட்டீர்களோ, அத்தோடு முடிந்தது. மாவுத் துகள்களை ஒவ்வொரு ஈடுக்கும் நடுவில் அரித்து எடுத்துவிடுங்கள், அவைதான் கருகி எண்ணெயைக் கறுக்க வைக்கின்றன. ஆறியதும் வடிகட்டி இன்னும் ஒன்றிரண்டு முறை பயன்படுத்தலாம், நிறம் இருண்டாலோ புகைந்தாலோ விட்டுவிடவும்.

காரத்துக்குச் சபே ராவிட் எனப்படும் பச்சை ஊசிமிளகாய், முழுசாக, காம்போடு. இடது கையில் மிளகாய், வலது கையில் பக்வான், ஒரு கடி அது ஒரு கடி இது. சம்பால் அரைக்கச் சோம்பலாக இருந்தால் இதுவே போதும். சுரபாயாவில் இறாலிலிருந்து காய்ச்சிய பெத்திஸ் என்ற கறுப்பு விழுது வைத்துத் தொட்டுக்கொள்வார்கள், பண்டுங்கில் தேடினால் கிடைக்குமோ என்னவோ, ஊருக்கு ஊர் மாறும். குடிக்கச் சூடான தேநீர், அல்லது டிகாஷன் இறக்காமல் தூளோடு கொதிநீர் ஊற்றிய கறுப்புக் காப்பி. ரமலானில் நோன்பு திறக்கிற வேளைக்குச் சற்றுமுன் இந்த வண்டிகளைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தட்டை நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டால் எண்ணிக்கை குறையும், அதற்கும் ஜாவாவில் பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னக் கடைகளில் எடுத்துத் தின்றுவிட்டு எத்தனை என்று நாமே சொல்லிக் காசு கொடுப்பது வழக்கம், ஐந்து தின்று ஒன்று என்று கணக்குச் சொல்கிறவனுக்கு டர்மாஜி என்று கேலிப் பெயர். டஹார் லீமா, ஙாகு சிஜி, அதன் சுருக்கம்.

மீந்துபோனால் பக்வானை மறுபடி எண்ணெயில் போடாமல், எண்ணெயில்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள், பாதி மொறுமொறுப்பாவது திரும்பும். ஜகார்த்தாவில் காலை வேளையில் தேங்காய்ப்பால் சோறான நாசி உடுக்கோடு பக்வானும் வேர்க்கடலைச் சம்பாலும் வைத்துச் சாப்பிடுவார்கள், நேற்றைய பக்வான் கொஞ்சம் நமத்திருந்தாலும் அதில் தெரியாது. சிரெங்கைப் பொரிக்காமல், தட்டிய வில்லையாகவே ஸ்டார்ச் தூவி ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளலாம், உறைந்ததை அப்படியே வெதுவெதுப்பான எண்ணெயில் போடலாம், மேலே ஒட்டியிருக்கும் பனித்துகளை மட்டும் தட்டிவிட்டுப் போடுங்கள். மெண்டோவான் மீந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, அடுத்த தடவை குறைவாகப் போடுங்கள்.